நிலப் பயன்பாட்டு மாற்றக் கருத்துக்கேட்பு, நியூயார்க்

நியூயார்க் நகரில் ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டு வகைப்பாட்டை மாற்றும் முன், பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் சட்டமுறை. எங்கே குடியிருப்பு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, கட்டடம் எவ்வளவு உயரலாம் என்பதை முடிவு செய்வது இந்த வகைப்பாடு. நகர் முழுமைக்குமான முதல் விதித்தொகுப்பு 1916இல் வந்தது. மக்கள் பங்கேற்புக்கு உறுதியான வடிவம் தந்தது, 1975ஆம் ஆண்டு நகர சாசனத் திருத்தம்.

நடைமுறை: விண்ணப்பம் முழுமையானது எனச் சான்றளிக்கப்பட்டதும், அது உரிய வட்டாரச் சமூக வாரியத்துக்குச் செல்லும். நகரில் இத்தகைய வாரியங்கள் 59. வாரியம் 60 நாட்களுக்குள் கூட்டம் நடத்திப் பரிந்துரை வழங்கும். அடுத்து பரோ (நகரின் நிர்வாகப் பிரிவு) தலைவர், நகரத் திட்ட ஆணையம், நகர மன்றம் எனக் கோப்பு பொதுவாக நகரும். வாரியத்தின் பரிந்துரை எவரையும் கட்டுப்படுத்தாது. மன்றத்தின் வாக்குக்குச் சட்ட வலு உண்டு.

பங்கேற்பு: கூட்டத்தில் எவரும் பெயர் பதிந்து பேசலாம், எழுத்து வழியாகவும் கருத்துத் தரலாம். ஆணையத்தின் முன் ஒருவருக்குப் பொதுவாக 3 நிமிடம். பொதுவான கோபத்தைவிடக் குறிப்பான சான்று வலுவானது: மறையும் வெயில், நிரம்பிய பள்ளி, உயரும் வாடகை. ஆதரவும் அவ்வாறே பதிவாக வேண்டும். வீடு தேடுவோரின் குரல் பல வேளைகளில் அங்கே ஒலிப்பதில்லை.

திட்டம் இன்னும் இறுகாத நிலையில் நடப்பது வாரியக் கூட்டம். குடிமக்கள் தவறவிடக் கூடாதது அதுவே.