ஸ்கூட் (ரம்மி)

ஸ்கூட் என்பது 13 சீட்டு ரம்மி ஆட்டத்தில், ஓர் ஆட்டக்காரர் தம் கையிலுள்ள சீட்டுகளைப் பார்த்தபின் அந்தச் சுற்றில் தொடராமல், வரையறுத்த புள்ளிகளைத் தண்டமாக ஏற்று விலகுவதைக் குறிக்கும் சொல் ஆகும். சேலம், நாமக்கல் உள்ளிட்ட தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இது "ஸ்கூட் அடித்தல்" என்றும், இணைய ஆட்டங்களில் "டிராப்" என்றும் வழங்கப்படுகிறது. எந்தக் கையுடன் தொடர்வது, எந்தக் கையை விடுவது என்னும் முடிவு ரம்மியின் முதன்மையான திறன்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

புள்ளிகள்

ரம்மி பொதுவாக இரண்டு சீட்டுக்கட்டுகளையும் ஜோக்கர்களையும் கொண்டு ஆடப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் 13 சீட்டுகள் வழங்கப்படும். ஜோக்கரின் துணையின்றி அமைந்த ஒரு தொடர் (ஒரிஜினல் ரம்மி), இரண்டாவது ஒரு தொடர், எஞ்சிய சீட்டுகளில் தொடர்கள் அல்லது செட்டுகள் ஆகியவற்றை முதலில் அமைப்பவர் வெல்வார். தோற்றவர்களின் கையில் சேராத சீட்டுகள் எண்ணப்படும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றுக்குத் தலா 10 புள்ளிகள். மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே புள்ளி. ஒரிஜினல் இல்லாவிடில் எல்லாச் சீட்டுகளும் எண்ணப்படும்.

பரவலாக வழங்கும் புள்ளி முறை பின்வருமாறு:

* முதல் ஸ்கூட் (சீட்டு எடுப்பதற்கு முன் விலகுதல்) - 20 புள்ளிகள்
* நடு ஸ்கூட் (ஒரு சீட்டாவது எடுத்தபின் விலகுதல்) - 40 புள்ளிகள்
* முழுக் கை (உச்ச வரம்பு) - 80 புள்ளிகள்

முடிவெடுக்கும் முறை

தொடர்வதா விலகுவதா என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: வெல்லும் வாய்ப்பு, வென்றால் மற்றவர்களிடமிருந்து கிடைக்கக்கூடிய மொத்தப் புள்ளிகள், தோற்றால் கொடுக்க வேண்டிய புள்ளிகள். தொடர்வதால் நேரும் சராசரி இழப்பு 20 புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால் தொடர்வது நன்று. மிகுந்தால் விலகுவது நன்று. தொடர்ந்தால் இலாபம் வரவேண்டும் என்பது தேவையில்லை. இழப்பு 20-ஐ விடக் குறைந்தாலே போதும். புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் கருத்து இதுவாகும்.

எடுத்துக்காட்டாக, ஒருவருக்கு இஸ்பேட் 4, 5, 6, ஆட்டின் 9, 10, ஒரு ஜோக்கர், டைமன் 7, கிளாவர் 7, கிளாவர் ராஜா, இஸ்பேட் ஜாக்கி, கிளாவர் 10, ஆட்டின் 3, டைமன் 2 ஆகியவை வந்தன என்க. இஸ்பேட் வரிசை ஒரிஜினல் ஆகிறது. ஆட்டின் 9, 10 ஜோக்கருடன் சேர்ந்து இரண்டாவது தொடர் ஆகிறது. எஞ்சிய சீட்டுகளின் கூட்டுத்தொகை 49. வென்றால் 60 புள்ளிகள் கிடைக்கும், தோற்றால் 50 புள்ளிகள் போகும் என்று கொண்டால், வெல்லும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே தொடரலாம். ராஜாவையும் ஜாக்கியையும் முதலில் இறக்கிவிட்டால் இழப்பு மேலும் குறையும்.

மாறாக, ஒரிஜினலும் ஜோக்கரும் இல்லாத, பெரிய சீட்டுகள் சிதறிய கையில் இழப்பு 80 வரை செல்லக்கூடும். அதே 60 புள்ளிகளை வெல்வதற்கு அங்கே சுமார் 43 விழுக்காடு வாய்ப்பு தேவைப்படும். நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் அத்தகைய கைக்கு அந்த வாய்ப்பு இருப்பது அரிது. எனவே அதனை முதலிலேயே விடுவதே முறை. "ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கலாம்" என்று தொடங்கிப் பின்னர் நடு ஸ்கூட் அடிப்பவர், அந்தப் பார்வைக்காக 20 புள்ளிகளைக் கூடுதலாகக் கொடுக்கிறார்.

காத்திருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையும் முக்கியமானது. ஆட்டின் 5, 6 வைத்திருப்பவருக்கு 4 அல்லது 7 உதவும். இரு கட்டுகளில் அவை மொத்தம் நான்கு. ஆட்டின் 5, 7 வைத்திருப்பவருக்கு 6 மட்டுமே உதவும். அது இரண்டே சீட்டு.

101 ஆட்டத்தில் ஸ்கூட்

101 புள்ளிகளை எட்டியவர் வெளியேறும் ஆட்டத்தில் இந்தக் கணக்கு மாறுபடும். தொடக்கத்தில் ஒருவருக்கு ஐந்து முதல் ஸ்கூட்கள் உள்ளன. 80 புள்ளிகளில் நிற்பவருக்கு ஒன்றே எஞ்சும். 81 புள்ளிகளில் நிற்பவர் ஸ்கூட் அடித்தால் 101 ஆகி வெளியேறுவார். ஆகவே எந்தக் கை வந்தாலும் அவர் ஆடியாக வேண்டும். அவ்வாறே 61 புள்ளிகளைக் கடந்தவருக்கு நடு ஸ்கூட் பயன்படாது. எதிராளி இந்நிலையில் இருப்பதை அறிந்தவர், அவர் மோசமான கையுடனும் ஆடக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்வார்.

போக்கருடன் ஒப்பீடு

லிமிட் ஹோல்டெம் போக்கரில் பந்தயத் தொகை சுற்றுக்கு இவ்வளவு என்று வரையறுக்கப்பட்டுள்ளது. ஆட்டக்காரர் விலகலாம், ஈடு கொடுக்கலாம் அல்லது கூட்டலாம். ஒரே இனத்தில் நான்கு சீட்டுகள் வைத்து ஐந்தாவதற்காகக் காத்திருப்பவருக்கு, கடைசிச் சீட்டுக்கு முன் காணப்படாத 46 சீட்டுகளில் 9 உதவும். எனவே கட்ட வேண்டிய தொகையைப் போல் ஐந்து மடங்கு நடுவில் இருந்தால் ஈடு கொடுப்பது இலாபம்; இரண்டு மடங்கே இருந்தால் நட்டம். ரம்மியில் கூட்டுதல் இல்லை. இருத்தல், விலகுதல் ஆகிய இரண்டே உள்ளன. ஆயினும் "கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு, வாய்ப்பு எவ்வளவு" என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. மங்காத்தா போன்ற "உள்ளே வெளியே" ஆட்டங்களில் இத்தகைய முடிவுக்கு இடமே இல்லை.

சட்ட நிலை

1930ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், திறனை மட்டுமே சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. நாமக்கல் மாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டில் சேலம் மாநகரக் காவல் ஆணையரகமும் உருவானது. இதனால் சேலம் மாநகர எல்லைக்குள் 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டமும், நாமக்கல்லில் 1930ஆம் ஆண்டின் சட்டமும் சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் நிலை ஏற்பட்டது.

1967இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் கே. சத்தியநாராயணா வழக்கில், ரம்மி மூன்று சீட்டைப் போல் முற்றிலும் வாய்ப்பைச் சார்ந்ததன்று என உச்ச நீதிமன்றம் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்வதற்கும், எதை வைப்பது எதை இறக்குவது எனத் தேர்வதற்கும் திறன் வேண்டும் என்பது அதன் கருத்து. எனினும் ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து இலாபம் ஈட்டினால் குற்றமாகலாம் என்றும் அத்தீர்ப்பு சுட்டியது.

இணைய ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 2021ஆம் ஆண்டுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் நீக்கியது. பின்னர் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறன் வாய்ப்பு என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது.

ஸ்கூட்டின் எல்லை

ஸ்கூட் ஒரு சுற்றின் இழப்பைக் குறைக்கும். சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்காது. புள்ளிக்கு 5 ரூபாய் ஆட்டத்தில் பத்து முறை சரியாக ஸ்கூட் அடித்தவரும் 1,000 ரூபாய் இழந்திருப்பார். நடத்துபவர் வென்ற தொகையில் பங்கு எடுக்கும் இடங்களில் வெல்வதன் மதிப்பு குறைவதால், தொடர்வதற்குத் தேவையான வாய்ப்பும் உயர்கிறது. முந்தைய சுற்றில் "விட்டதைப் பிடிக்க" வேண்டும் என்ற எண்ணம் இந்தக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை. புதிய கைக்கு முந்தைய இழப்பு தெரியாது. நல்ல ஆட்டக்காரர் கையை விடுவதற்குப் பயன்படுத்தும் அதே அளவுகோல், ஆட்டத்தை விட்டு எழுவதற்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* ரம்மி
* போக்கர்
* நிகழ்தகவு
* மங்காத்தா