அழ முடியாத வலி

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மூன்று மாதப் பேத்திக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன ரத்தக் குழாய் இதயத்தருகே மூடவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. பாட்டிக்குக் கத்தியைவிட மயக்க மருந்துதான் பயம். ''இத்துனூண்டு உடம்பு தாங்குமா தம்பி? மயக்கம் குடுக்காம செய்யக்கூடாதா?'' என்றார்.

பாட்டி கேட்டதை உலகம் ஒரு காலத்தில் செய்தே பார்த்துவிட்டது!

'பிறந்த குழந்தையின் நரம்புகள் முழுசாக வளர்ந்திருக்காது, வலி தெரியாது' என்று 1980-கள் வரை பல டாக்டர்கள் நம்பினார்கள். மயக்க மருந்தால் மூச்சு நின்றுவிடுமோ, ரத்த அழுத்தம் விழுந்துவிடுமோ என்ற நியாயமான பயம் வேறு. அதனால் பல குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்தும், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும்தான். சில சமயம் அந்த வாயுவும் கிடையாது. யோசித்துப் பாருங்கள்... கத்தி படுகிறது. காலை உதற முடியாது. வாய்விட்டு அழக்கூட முடியாது. அதுவே 'வலியில்லை' என்பதற்குச் சாட்சியாகிவிட்டது!

இதைக் கேள்வி கேட்டவர் நம்மூர்க்காரர். இந்தூரில் எம்.பி.பி.எஸ். படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த். ஆபரேஷன் முடிந்து வரும் குறைமாதக் குழந்தைகள் வெளிறித் துவண்டு கிடப்பதைப் பார்த்தார். உள்ளே என்னதான் நடக்கிறது?

இதே ரத்தக் குழாயை மூடும் ஆபரேஷன். 16 குறைமாதக் குழந்தைகள். எல்லோருக்கும் வழக்கமான மருந்து. எட்டுப் பேருக்கு மட்டும் கூடுதலாக ஃபென்டனில் என்ற வலி மருந்து. பிறகு ரத்தத்தைச் சோதித்தார். ஃபென்டனில் கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் எகிறிக் கிடந்தன. ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். வாய் சொல்ல முடியாததை ரத்தம் சொல்லிவிட்டது! 1987-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது.

அதற்குள் அமெரிக்காவில் ஒரு தாயின் குரலும் எழுந்திருந்தது. 1985-ல் வாஷிங்டனில் அவருடைய குறைமாத மகனுக்கு இதே ஆபரேஷன். சில வாரங்களில் குழந்தை இறந்துபோனது. ஆபரேஷனின்போது தசை மருந்து மட்டுமே கொடுத்தார்கள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. விடாமல் கடிதம் எழுதினார். பத்திரிகைகள் பேசின. 'வயதை மட்டும் காரணம் காட்டி மயக்க மருந்தை மறுக்கக்கூடாது' என்று 1987-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி அறிவித்தது.

''எடை பார்த்து, அளந்துதான் குடுப்பாங்க. மூச்சையும் துடிப்பையும் நொடிக்கு நொடி பார்ப்பாங்க. மயக்கம் குடுத்தாத்தாம்மா உடம்பு தாங்கும்'' என்று கதையைச் சொல்லி முடித்தேன்.

பாட்டி பேத்தியை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டார். ''புள்ளைக்கு வலிக்கும்னு கண்டுபிடிக்கவா இத்தினி வருஷம் ஆச்சு?''

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கு?