ஹெரால்டின் கால்கள்: ஒரு சென்னைக் காரும் அதன் மாறிப்போன சக்கரங்களும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று சொன்னால் இன்றைய கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தெரியாது. ஆனால் மயிலாப்பூரிலோ அடையாறிலோ இருக்கும் ஒரு தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும். அம்பாஸடர் கல்கத்தா பக்கத்திலிருந்து வந்தது. ஃபியட் பம்பாயிலிருந்து வந்தது. ஹெரால்ட் மட்டும்தான் நம்ம வண்டலூரிலிருந்து வந்தது!

இன்று மிச்சமிருக்கும் ஹெரால்டுகளைப் பார்த்தால், சிலவற்றில் கம்பெனி கொடுத்த சக்கரம் இருக்காது. அது ஏன் மாறியது, மாறினால் என்ன ஆகும், என்ன தொலைந்து போகும்? இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மூன்றும் ஒரே ஊரில்

சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் தொடங்கியதுதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்ட், 1961-ல் இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி.

அதே காலத்தில் இதே ஊரில் இன்னும் இரண்டு வேலைகள் நடந்தன. 1960-ல் டி.வி.எஸ். குழுமம் வீல்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை பாடியில். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து கொண்டிருந்த எம்.ஆர்.எஃப்., அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1961 வாக்கில் டயர் தொழிலில் இறங்கியது. ஆக கார், சக்கரம், டயர் மூன்றும் ஒரே ஊரில்! சென்னைக்கு 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்ற பட்டம் சும்மா வரவில்லை.

அசல் அளவு என்ன?

ஹெரால்டின் ஸ்டீல் வீல் 13 அங்குல விட்டம், ரிம்மின் அகலம் 3.5 அங்குலம். டயர் 5.20-13, அதாவது 5.20 அங்குல அகலம், 13 அங்குல ரிம். இன்றைய கண்ணுக்கு சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியாகத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹெரால்டின் பெருமையே 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதுதான். மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான கார் உண்டா? அவ்வளவு கூர்மையாகத் திரும்ப வேண்டுமென்றால் முன் சக்கரம் ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும். அகலமான டயரை மாட்டினால், முழுதாக ஒடிக்கும்போது உள்ளே உரசும்.

பிறகு ஏன் மாற்றினார்கள்?

ஒன்று, பந்தயம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயங்கள் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வரும் வரை சோழவரம்தான் எல்லாம். ஹெரால்டுகளும் அங்கே ஓடின. வளைவில் பிடிப்பு வேண்டுமென்றால் அகலமான டயர் வேண்டும், அதற்கு அகலமான ரிம் வேண்டும். ரிம்மைச் சுற்றுவாக்கில் அறுத்து, நடுவே இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்வது உலகமெங்கும் பந்தயக்காரர்கள் கையாண்ட வழி.

இரண்டு, டயர் கிடைக்காதது. 1972-ல் ஹெரால்டின் இடத்துக்கு கெஸல் வந்து 1977-ல் அதுவும் நின்றது. 1988-ல் கம்பெனியில் கார் உற்பத்தியே முடிந்தது. 1983-ல் மாருதி வந்த பிறகு சந்தை மெல்ல மெல்ல ரேடியல் பக்கம் சாய்ந்தது. பழைய அளவு டயர்களுக்கு அலைய வேண்டியதாயிற்று. கிடைக்கிற டயருக்கு ஏற்றபடி வீலை மாற்றுவதே சுலபம் என்று தோன்றியது.

மூன்று, அழகு. இதற்கு விளக்கம் தேவையில்லை :)

கொஞ்சம் கணக்கு

155/80 ஆர்13 டயரை எடுத்துக் கொள்வோம். அகலம் 155 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 124 மி.மீ. மேலும் கீழுமாக 248. ரிம்மின் 330-ஐக் கூட்டினால் மொத்த விட்டம் 578 மி.மீ.

இதற்குப் பதில் 14 அங்குல ரிம்மில் 165/65 டயர் போட்டால் 570 மி.மீ. வித்தியாசம் இரண்டு சதவீதம்கூட இல்லை. அதே ரிம்மில் 165/80 போட்டால் 620 மி.மீ.! ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க் கொண்டிருக்கும். பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் இது. ரிம்மில் ஏறியதை டயரில் குறைத்தால்தான் கணக்கு நேராகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஹெரால்ட் வீலின் நான்கு துளைகளும் 3.75 அங்குல வட்டத்தில், அதாவது 95.25 மி.மீ. வட்டத்தில் இருக்கும். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் அது 100 மி.மீ. 'ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லையே' என்று துளையை ராவிப் பெரிதாக்கி மாட்டினால், நட்டு சரியாக உட்காராது. ஓடும்போது தளரும், போல்ட் உடையும். சக்கரம் தனியாக முன்னால் ஓடும் காட்சி சினிமாவில் மட்டும்தான் சிரிப்பு.

முறையான வழி வேறு. பழைய வீலின் நடுத்தட்டை வெட்டியெடுத்து, லேத்தில் மையம் பார்த்து, புது ரிம்முக்குள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மையம் ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் ஸ்டியரிங் நடுங்கும். வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. இன்னொன்று, இந்த வழியில் ஒவ்வொரு முறையும் ஒரு அசல் வீல் பலியாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. 2021-ல் வந்த விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய வழி செய்தன. ஹெரால்டுகள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. நேற்று வரை பழைய இரும்பாக இருந்த அசல் வீலுக்கு இப்போது ஒரு மதிப்பு வந்துவிட்டது!

எஞ்சினை மாற்றினால் திரும்பப் பழையபடி ஆக்குவது பெரும்பாடு. சக்கரம் அப்படியல்ல. நான்கு நட்டுகளைக் கழற்றினால் 1961-க்குத் திரும்பிவிடலாம், பழைய வீல் கையில் இருந்தால்! வண்டலூரில் இனி ஹெரால்ட் வீல் வரப் போவதில்லை. புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். அதே வீலைத் திரும்ப வாங்கப் போனால் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காமல் போகலாம்.

ஓட்டுவதற்கு வேறு சக்கரம் வேண்டுமா, சரியான அளவில், துளை பொருந்துவதாகப் பார்த்து மாட்டிக் கொள்ளுங்கள். அந்தப் பழைய ஐந்தையும் (ஸ்டெப்னியைச் சேர்த்துத்தான்!) துரு பிடிக்காமல் பெயிண்ட் அடித்துப் பரணில் ஏற்றிவிடுங்கள். பேரன் தேடுவான்.