மாஞ்சோலை ரோடு: ஏறியவர்களும் இறங்கியவர்களும்

சாலைகளின் வரலாறு என்று நமக்கு வாசிக்கக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் போட்டவர்களின் வரலாறுதான். எந்தத் துரை, எத்தனை வளைவு, எத்தனை பாலம். நடந்தவர்கள் பிரதிக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். முக்கூடல் பக்கத்திலிருந்து மேற்கே தெரிகிற மலைத்தொடரில், மணிமுத்தாற்றிலிருந்து ஏறி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று போகிற ரோட்டை நடந்தவர்கள் பக்கமிருந்து வாசித்துப் பார்க்கலாம்.

சிங்கம்பட்டி ஜமீனுக்கு இருந்த மலை. மார்த்தாண்ட வர்மாவுக்குப் படை உதவி செய்ததற்கான வெகுமதி என்பது ஜமீன் தரப்புக் கதை. 1919இல் சென்னையில் டி லா ஹே துரை சுடப்பட்ட வழக்கில் ஜமீன் வாரிசு சிக்க, அந்தச் செலவுதான் மலையைக் குத்தகைக்கு விடவைத்தது என்று இந்தப் பக்கத்தில் இன்னமும் சொல்லுவார்கள். எப்படியானாலும் 1929இல் சுமார் 8,370 ஏக்கர், 99 வருஷத்துக்கு, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் கைக்குப் போனது. சாதாரணக் கம்பெனியா இது? 1885இல் தேக்குமரக் கணக்கில் பர்மிய அரசு இதற்குப் போட்ட அபராதத்தைச் சாக்காக வைத்துத்தான் வெள்ளையன் மாண்டலேயைப் பிடித்தான், தீபா மன்னனை ரத்னகிரிக்கு நாடு கடத்தினான்.

தேயிலை கீழே இறங்கணும், அரிசியும் ஆளும் மேலே ஏறணும். ரோட்டின் தர்க்கம் இவ்வளவுதான். ஏறிய ஆட்களில் பெரும்பாலோர் தலித்துகள், கங்காணிகள் கூட்டிப்போனவர்கள். லைன் வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் காலி பண்ணிவிட்டு இறங்க வேண்டியதுதான். 1948 சட்டத்துக்குப் பின் ஜமீன் போனது, குத்தகை போகவில்லை. 1988இல் களக்காடும் முண்டந்துறையும் சேர்ந்து புலிகள் காப்பகமானபோது ரோட்டுக்கு இன்னொரு காவல்காரன் வந்தான். 2018இல் அந்த நிலம் காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்டது. (புலி மேல் நமக்கு வருத்தமொன்றும் இல்லை. காடு பற்றிய சொல்லாடலில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லையே என்பதுதான்.)

கூலி உயர்வு கேட்டு 1999இல் இவர்கள் தாங்களாகவே இறங்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் போராட்டத்தில் 652 பேர் கைதானார்கள். அவர்களை விடச்சொல்லி ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம். கொக்கிரகுளத்தில் தடியடி, ஓடியவர்களுக்கு ஆறு மட்டும்தான் திறந்திருந்தது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் கமிஷன் 11 பேர் மூழ்கிச் செத்ததாகக் கணக்கெழுதியது. தண்ணீருக்குள் அவர்களைத் தள்ளியது எது என்பதற்கு அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது.

குத்தகை 2028 பிப்ரவரியில் முடிகிறது. கம்பெனி அதுவரைகூட இருக்கவில்லை. 2024இல் விருப்ப ஓய்வு என்று தாள் நீட்டியது. யாருடைய விருப்பம்? தோட்டத்தை அரசே எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டதை அதே வருஷம் டிசம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஏற்கவில்லை. நாலு தலைமுறையாக அந்த ரோட்டில் ஏறி இறங்கியவர்களிடம் இப்போது கீழே எந்த ஊர் என்று கேட்கிறார்கள். பலருக்கு ஊர் என்பது ஊத்தும் நாலுமுக்கும்தான்.