சேரி என்றொரு சொல்

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவி சில வாரங்களாக வாயே திறக்கவில்லை. மெல்ல விசாரித்தோம். கல்லூரியில் அவள் "இன்னாத்துக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "சேரி பாஷையெல்லாம் இங்கே பேசாதே" என்று பதில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து மௌனம்.

மதுரைத் தமிழ், கோவைத் தமிழ், நெல்லைத் தமிழ் என்று சொல்லும்போது ஊர்ப்பெயர் பேச்சுக்குப் பெருமை சேர்க்கிறது. சேரி என்ற இடப்பெயர் மட்டும் ஏன் வசையாகிறது?

சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போய்ப் பாருங்கள். குடவோலைத் தேர்தலைச் சொல்லும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அங்கே இருக்கின்றன. அந்தப் பிராமண ஊரில் 30 குடும்புகள், 12 சேரிகள்! ஏறத்தாழ நூறாண்டு கழித்து, ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற சொற்களைப் பார்க்கிறோம். காலப்போக்கில் முன்னொட்டு உதிர்ந்தது, தீட்டு மட்டும் 'சேரி'யில் ஒட்டிக்கொண்டது. ஆனால் வேளச்சேரியில் வீடு வாங்குகிறவர் யாரும் அந்தப் பெயருக்காகக் கூசுவதில்லை. ஆக, பிரச்சினை சொல்லில் இல்லை. அங்கே யார் வாழ்கிறார் என்பதில் இருக்கிறது.

பேச்சும் அப்படித்தான். சென்னைத் தமிழ் 'கலப்படம்' என்கிறார்கள். நைனா தெலுங்கு, பேஜார் உருது வழி வந்தது, துட்டு டச்சுக்காரர் காசின் பெயர். துறைமுகத்திலும் சந்தையிலும் பல மொழிக்காரர்களோடு உழைத்தவர்களின் வரலாறு அது. சரி, தாசில்தார், வக்கீல், ஜாமீன், வசூல் எல்லாம் எங்கிருந்து வந்தன? அவையும் பாரசீக, அரபுச் சொற்களே. கச்சேரிக்குள் நுழைந்த கலப்பு அதிகார மொழியானது. குடிசைக்குள் நுழைந்த கலப்பு கொச்சையானது. 'கஸ்மாலம்' என்று திட்டினால் முகம் சுளிக்கிறார்களே, அந்தச் சமஸ்கிருதச் சொல் பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை நம் முன்னோர் கேள்வி கேட்காமல் விடவில்லை. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆனது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மொழியின் பெயரைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அந்த இதழ் கோலார் தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது. வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போன நம் மக்கள் கன்னட நிலத்திலும் தமிழோடு வாழ்ந்தார்கள். மொழி நிலத்தோடு மட்டுமல்ல, உழைப்போடும் பயணிக்கிறது.

1955இல் மொழிவழி மாநிலங்கள் பற்றி எழுதிய அண்ணல் அம்பேத்கர், ஒரு மொழி பேசும் நிலத்துக்குள்ளும் பெரும்பான்மைச் சாதியின் ஆதிக்கம் இருக்கும் என்று எச்சரித்தார். மொழி ஒன்றானால் மக்கள் ஒன்றாகிவிடுவதில்லை.

அதை இங்கேயே பார்க்கலாம். கோவிலம்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் தாண்டினால் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. 2004இல் தமிழ் செம்மொழியானது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதும் இதே பெரும்பாக்கத்தில்தான். சாலைக்கே செம்மொழிச் சாலை என்று பெயர். ஒரே ஊரில் தமிழுக்கு மாளிகை, தமிழ் பேசுகிறவருக்கு வெளியேற்றம். நகரத்தின் நடுவில் பல தலைமுறை புழங்கிய பேச்சு, இங்கே வந்ததும் 'அந்தக் குடியிருப்புப் பேச்சு' ஆகிவிட்டது.

தோழர்களே, தேர்வுக்கும் வேலைக்கும் எழுத்துத் தமிழைக் கற்போம், அதுவும் நம்முடையதே. ஆனால் அதற்கு விலையாக ஆயாவின் பேச்சைக் கொடுக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முன்பு எந்த இடத்தில் இருந்தீர்கள்? அங்கே என்னென்ன சொற்கள் புழங்கின? பதில்களை எழுதி வையுங்கள்.

அந்த மாணவியும் எழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் நோட்டின் முதல் சொல்: இன்னாத்துக்கு?

ஜெய்பீம்.