வினிகரில் கரையும் கிளிஞ்சல் போதாது: காரைக்கால் வகுப்பறையும் கடல் அமிலமாதலும்

கடல் அமிலமாதலை விளக்க ஆசிரியர்கள் பெரிதும் நாடும் செய்முறை, கிளிஞ்சல் ஓட்டை வினிகரில் போட்டுக் குமிழி பொங்கக் காட்டுவது. அது மாணவர் மனத்தில் ஆழப் பதிகிறது. ஆனால் பதிவது பிழையான செய்தி. வினிகரின் பிஎச் 3ஐ ஒட்டியது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் சராசரி பிஎச், இன்று 8.1ஐ ஒட்டி நிற்கிறது. கடல் அமிலமாகிவிடவில்லை; அந்தத் திசையில் நகர்கிறது. வெப்பமண்டலக் கடற்பரப்பில் ஓடுகள் கரையும் நிலை வருமுன்பே, ஓடு கட்டும் உயிர்களுக்கு அந்த வேலை கடினமாகிறது. இதை உணர்த்த மெய்யான தரவு வேண்டும்.

0.1 என்ற வேறுபாடு அற்பமாகத் தோன்றும். பிஎச் ஒரு மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனிச் செறிவாக மாற்றினால் லிட்டருக்கு 6.3 நானோமோல் 7.9 ஆகியிருக்கிறது, அதாவது சுமார் 26 விழுக்காடு உயர்வு. இந்தக் கணக்கை மாணவரே போட்டுப் பார்க்க வேண்டும்.

கடினமான பகுதி அடுத்தது. காரைக்காலில் அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு மாணவி பிஎச் பேனாவை நீரில் நனைத்தால் என்ன தெரியும்? பகலில் நுண்பாசிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் ஏறும், இரவில் இறங்கும். வற்றத்தின்போது அலையாத்திச் சேற்றுநீர் வடிந்து வந்து அதைக் குறைக்கும். வடகிழக்குப் பருவமழையில் காவிரிக் கடைமடையின் வடிகால் நீரெல்லாம் இங்கே சேரும். அதே மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பி, கோதாவரி, கங்கை போன்ற ஆறுகளால் உவர்ப்புக் குறைந்த வடவங்கக் கடல்நீரைக் கொண்டுவரும். ஹவாய்க்கு அருகில் 1988 முதல் அளவெடுத்துவரும் அலோகா நிலையத்தில் தெரியும் வீழ்ச்சியோ ஆண்டுக்கு ஏறத்தாழ 0.002 மட்டுமே. பத்தாண்டு இடைவிடாது அளந்தாலும் சேர்வது 0.02, பள்ளிகள் வாங்கக்கூடிய பல கருவிகளின் பிழை அதைவிடப் பெரிது.

ஆகவே உள்ளூர் அளவீடு வீண், ஹவாய் வரைபடமே போதும் என்று சிலர் முடிவுகட்டலாம். நான் இதை ஏற்கவில்லை. நாள் ஏற்றத்தாழ்வுக்கும் நீண்டகாலப் போக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் கையால் அளந்தவர்தான் உணர்வார். முகத்துவாரத்தில் ஒரு பகல் முழுதும் மணிக்கொரு முறை எடுத்த அளவுகளை, அலோகா தரவோடும், வங்கக் கடல் நடுவே 15 பாகை வடக்கு, 90 பாகை கிழக்கில் 2013 நவம்பரில் நிறுவப்பட்ட அமிலமாதல் மிதவையின் தரவோடும் ஒரே தாளில் வரையட்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அந்த மிதவை காரைக்கால் கரைக்குச் சான்றாகாது என்பதையும் அவர்களே வாதிடட்டும்.

கருவியைப் பற்றிய என் பரிந்துரை பியூரெட். அது மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது. திறந்த கடல்நீர் 100 மில்லிலிட்டரை மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும்வரை தரம் பார்க்க, 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 23 மில்லிலிட்டர் செலவாகும். இது நீரின் மொத்தக் காரத்தன்மையைத் தரும். கவனமாகச் செய்தால் மலிவான பிஎச் பேனாவைவிட இதை நான் நம்புவேன்.

காரத்தன்மைக்கு இன்னொரு பயனும் உண்டு. வங்கக் கடலின் மேற்குக் கரையோரத்தில் பிஎச் குறைந்திருப்பதை ஆராய்ந்து 2015இல் வெளியான, விசாகப்பட்டினத்துத் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்களின் கட்டுரை, நிலத்திலிருந்து காற்றில் வந்து படியும் சல்பேட், நைட்ரஜன் மாசுகளையும் அதற்குக் காரணமாக்கியது. வாஞ்சூரில் நிலக்கரி இறங்கும் துறைமுகத்தைக் கொண்ட காரைக்காலுக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. இந்த இரு காரணங்களையும் பிரித்தறியக் காரத்தன்மை உதவும்: கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மொத்தக் காரத்தன்மை மாறாது. கந்தக அமிலமோ நைட்ரிக் அமிலமோ விழுந்தால் குறையும். ஆற்றுநீர் கலந்தாலும் மாறும் என்பதால் ஒவ்வொரு மாதிரிக்கும் உவர்ப்பையும் பதிய வேண்டும். காரைக்கால் கரையிலுள்ள கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் மாதந்தோறும் மாதிரி எடுத்து, பருவமழைக்கு முன்னும் பின்னும் உவர்ப்புக்கு எதிராகக் காரத்தன்மையை வரைந்தால், புள்ளிகள் கடல்நீர், ஆற்றுநீர் கலப்புக் கோட்டில் விழுகின்றனவா, அதற்குக் கீழே இறங்குகின்றனவா என்று பதினோராம் வகுப்பு மாணவரே கேட்கலாம்.