கருங்கரடிக் காடு – 4: தேர்தலுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பனி உருகியதும் பசியோடு இறங்கிவரும் கருங்கரடிகளையும், அவற்றை இழுக்க இறைச்சிக் கழிவும் இனிப்புப் பண்டங்களும் நிரப்பிய பீப்பாய்களையும் சென்ற வாரம் பார்த்தோம். எதிரே பரண்மீது துப்பாக்கியோடு ஒருவர். பீப்பாயை நோக்கி ஒரு கரடி. அங்கே நிறுத்தியிருந்தோம்.

வந்தது ஆணா, பெண்ணா?

அந்தி மங்கலில் இதைச் சொல்லப் பழகிய வேட்டைக்காரரே தடுமாறுவார். குட்டிகளோடு வரும் தாயைச் சுடுவது அப்போதே குற்றம்தான். ஆனால் தாய், குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாகவும் இரைக்கு வரும். ஜனவரியில் பிறந்த குட்டிக்கு மே மாதத்திலும் தாய்ப்பால் வேண்டும். அடுத்த ஆண்டு கோடைத் தொடக்கம் வரை அது தாயின் பின்னாலேயே திரிய வேண்டிய உயிர். தாய் சாய்ந்தால் குட்டிக்குப் பட்டினிச் சாவுதான்.

இந்தக் குட்டியைத்தான் 1990களில் விலங்கு நல அமைப்புகள் மக்கள் முன் நிறுத்தின. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் கொலராடோவில் 1992-ல் மக்களே வாக்களித்து வசந்தகாலக் கரடி வேட்டைக்குத் தடை போட்டிருந்தார்கள். ஒன்டாரியோவில் ஏன் முடியாது என்று கேட்டவர்களுக்குப் பணபலமுள்ள ஒரு துணை கிடைத்தது. ராபர்ட் ஷாட், ஜெர்மனியிலிருந்து வந்து ஹஸ்கி என்ற பெரும் இயந்திர நிறுவனத்தை நிறுவியவர். அவருடைய அறக்கட்டளை இந்தப் போராட்டத்தில் இறங்கியது.

வடக்கே இருந்தவர்கள் கொதித்தார்கள். மாகாணத்தில் கரடிகள் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது அன்றைய மதிப்பீடு. ஆண் கரடிகளே முதலில் வெளியே வருகின்றன, வசந்தத்தில் அவைதான் அதிகம் விழுகின்றன, இனத்துக்கு என்ன ஆபத்து என்றார்கள். அவர்களுக்கு வயிற்றுப்பாடும் இருந்தது. மீன்பிடிப் பருவம் சூடுபிடிக்கும் முன்பே விடுதிகளை நிரப்பியவர்கள், கரடி வேட்டைக்கு வந்த அமெரிக்கர்கள். வழிகாட்டி முதல் சமையல்காரர் வரை அந்த வருமானத்தை நம்பியிருந்தார்கள்.

ஒரு தரப்பு இனத்தின் எண்ணிக்கையைப் பேசியது. மறுதரப்பு ஒரு குட்டியின் சாவைப் பேசியது. இரண்டும் உண்மை. அதனால்தான் வாதம் முடியவே இல்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர் மாகாண முதல்வர் மைக் ஹாரிஸ். பழமைவாதக் கட்சிக்காரர், அதைவிட முக்கியம், வடக்கின் நார்த் பே ஊர்க்காரர். வேட்டைக்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள். ஆனால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. வாக்குகள் குவிந்து கிடந்ததோ தெற்கில், டொராண்டோவைச் சுற்றி.

1999 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. இயற்கை வளத்துறை அமைச்சர் ஜான் ஸ்னோபெலன் அறிவித்தார்: வசந்தகால வேட்டை ரத்து!

வடக்கு அதிர்ந்தது. வரவிருந்த பருவத்துக்கான ஏற்பாடுகளில் இருந்த விடுதிக்காரர்கள் திகைத்துப்போனார்கள். இழப்பீடு தருவதாக அரசு சொல்லியும் கோபம் அடங்கவில்லை. ஜூன் 3-ல் தேர்தல் நடந்தது. ஹாரிஸ் மீண்டும் வென்றார்.

ஒன்டாரியோ மீன்பிடிப்போர், வேட்டைக்காரர் கூட்டமைப்பு நீதிமன்றம் ஏறியது. இது கரடி நலனுக்கான முடிவல்ல, அரசியல் லாபத்துக்கான முடிவு என்று வாதிட்டது. வேட்டையும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்றுகூடச் சொல்லிப் பார்த்தது. 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. கொள்கை வகுப்பது அரசின் வேலை என்றாகிவிட்டது.

கதை இதோடு முடிந்திருக்கும், கரடிகள் ஊருக்குள் வராமல் இருந்திருந்தால்!

காட்டில் புளூபெர்ரி பொய்த்த கோடைகளில் குப்பைத் தொட்டிகளைத் தேடி அவை வீதிக்கு வந்தன. காவல்துறைக்கு அழைப்புகள் பறந்தன. “வேட்டையை நிறுத்தினீர்கள், இப்போது பாருங்கள்” என்று வடக்கத்திய ஊர்கள் விரல் நீட்டின. அரசு ஒரு மறுஆய்வுக் குழுவை அமைத்தது.

2003-ல் அறிக்கை வந்தது. தடைக்கும் கரடித் தொல்லைக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை. காட்டில் உணவு குறைவதே முதன்மைக் காரணம் என்றது குழு. விலங்கு நல அமைப்புகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க வேண்டிய நேரம். ஆனால் அதே அறிக்கையில் இருந்த ஒரு பரிந்துரை அவர்களைத் திடுக்கிட வைத்தது. தொடர்பே இல்லை என்று எழுதிய அதே கை அடுத்து எழுதியது என்ன? 2014-ல் பரண்கள் மீண்டும் எழுந்தது எப்படி?

அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)